ஆரனில் மாட்டிய ரப்பர் பந்து

ஊத்துக்கோட்டை
12-9-1971

குழந்தையின் அம்மாவுக்கு,

நடவு நடப்பதால் மீஞ்சூருக்கு வர முடியவில்லை என்று நாலு நாள் முன்பு கடிதத்தில் எழுதியிருந்தேன். பையன் கொஞ்சம் தேறியிருக்கிறானா?

பால் எடுக்கும் கண்ணாடிப் பம்பின் ரப்பர் பந்தைக் காணவில்லை, வீட்டில் தேடிப் பாருங்கள் என்று கேட்டிருந்தாய். தேடினேன், இல்லை என்று பதில் எழுதினேன். நான் தேடவே இல்லை. அது என் சைக்கிள் ஆரனில் இருந்தது.

ஆரனின் பழைய பந்து வெடித்துப்போயிருந்தது. நீ குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் புறப்பட்ட அன்று உன் பையில் இதைப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது, எடுத்து மாட்டிக்கொண்டேன். பெண்கள் சமாச்சாரம் என்று எதற்கென்றுகூடக் கேட்கவில்லை.

நேற்றுக் கடைத்தெருவில் உனக்குப் பிரசவம் பார்த்த நர்சம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஆரன் அடித்தேன். திரும்பியவர் பந்தைத்தான் பார்த்தார்.

"இது நான் குடுத்த பம்போட பந்துதானே? எட்டு மாசத்துல பொறந்த கொழந்தைக்கு சப்பிக் குடிக்கத் தெம்பு ஏதுய்யா? பால எடுத்து சங்குல ஊத்தச் சொன்னேன். எடுக்கலன்னா கட்டிக்கும், அப்பறம் வத்திடும். நீ இன்னாடான்னா ஆரன் அடிச்சிக்கினு கீற."

கடைக்காரர்கள் சிரித்தார்கள். அது எனக்கு உறைக்கவில்லை, வேறொன்று உறைத்தது. உனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் என்றும், பந்தைத் தொலைத்ததற்கு உன் அம்மா தினமும் திட்டுகிறார் என்றும் இங்கே மில்லில் வேலை செய்யும் உன் தம்பி போன வாரமே சொன்னான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் கேட்டேன்.

பந்தைக் கிரீஸ் போக மூன்று முறை வெந்நீரில் போட்டு அவனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நடவு முடிந்து ஒன்பது நாள் ஆகிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்