வாசற்படியில் பாக்கி நின்ற பெயர்

உங்கள் தங்கை சுலபா சொல்லிக்கொண்டு திரிவது உண்மையல்ல. கல்யாணத்தன்று உங்கள் வீட்டு வாசலில் நான் அழவில்லை. அர்த்தம் கேட்டேன், அவ்வளவுதான்.

போன ஞாயிறு மகர்பட்டாவில் அவள் மகனுக்குக் கல்யாணம். அங்கே தெளித்த பன்னீர் இன்னும் என் புடவையில் மணக்கிறது. நான் முதன்முதலில் உங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் இதே மணம்தான்.

அன்று உங்கள் ஊர் தேஹு ரோட்டில் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கணவன் பெயரைப் பாட்டு வரியில் கோத்துச் சொன்னால்தான் புது மருமகளுக்கு வழி. அது உங்கள் வழக்கம். எங்கள் திருச்சி வீட்டிலோ அம்மா ஒருநாளும் அப்பா பெயரைச் சொன்னதில்லை. அதைக்கூட மீறியிருப்பேன். ஆனால் பொருள் தெரியாத எதையும் ஒப்பிக்கக் கூடாது என்பது கான்வென்ட் பழக்கம். உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்த மராத்தி வரிகளுக்கு அர்த்தம் கேட்டேன். ராணுவ டிப்போவில் கூட வேலை பார்த்த தமிழ் நண்பர்களிடம் கற்ற தமிழில் நீங்கள் காதோரம் சொன்னீர்கள்: துளசிக்குத் தினம் தண்ணீர் விடுவேன், இன்னார் பேச்சுக்கு ஒருநாளும் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

“தண்ணி விடுறேன். ரெண்டாவது என்னால முடியாது. பொய் சொல்லிட்டு உள்ள வரமாட்டேன்” என்றேன்.

அதை அப்படியே மராத்தியில் உங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள். கொஞ்சம் மென்மையாக்கியிருக்கலாம். கூட வந்த என் சித்தப்பா திருச்சிக்குத் திரும்ப ரயில் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். ஆரத்தித் தட்டோடு நின்ற உங்கள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தண்ணீராவது விடுகிறேன் என்கிறாளே, உள்ளே விடுங்கள் என்று சொல்லி விலகி நின்றார்.

பெயர் இருந்தது இரண்டாவது வரியில். அதனால் அது பாக்கி. ஆண்களும் மனைவி பெயரைச் சொல்ல வேண்டும் என்று உங்களைப் பிடித்தபோது, “அவ மொதல்ல சொல்லட்டும், அப்புறம் நான்” என்று நழுவினீர்கள். அதன்பின் ஆயுசுக்கும் ‘ஏங்க’தான். தேஹு ரோடு சந்தையில் நான் “ஏங்க” என்றால் நாலைந்து தமிழ்க் கணவர்கள் திரும்புவார்கள், கடைசியாகத்தான் நீங்கள்.

ஞாயிறன்று சாப்பாட்டுப் பந்தியில் பெண்கள் ஒவ்வொருவராக மைக்கில் கணவன் பெயர் சொன்னார்கள். கணவனை இழந்தவளிடம் கேட்பதில்லை. சுலபா என் தோளைத் தொட்டு, “நீங்க உட்காருங்க வஹினி” என்று மைக்கை அடுத்த இலைக்குக் கொண்டுபோனாள். அண்ணி மேல் அவளுக்குப் பிரியம்தான். ஆனாலும், அன்று வாசலில் சொல் சொல் என்று நெருக்கிய அதே ஜனம், இன்று சொல்ல வேண்டாம் என்கிறது. எது எப்போது சொல்வது என்பதை நான் முடிவு செய்ய வேண்டாமா?

கை நீட்டி மைக்கை வாங்கினேன். எழுந்து நின்று, தெளிவான மராத்தியில் சொன்னேன்:

“துளசிக்குத் தினம் தண்ணீர் விட்டேன், வசந்த் பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும் மறுபேச்சுப் பேசினேன்.”

 பந்தியில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அழுதது சுலபாதான். அதையும் அவள் மாற்றிச் சொல்வாள், நம்பாதீர்கள்.

இன்று காலையும் துளசிக்குத் தண்ணீர் விட்டாயிற்று. மறுபேச்சுத்தான் நிறைய மிச்சம் இருக்கிறது. எடுத்துப்போட எதிரே ஆளில்லை.

நான் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை. என் பெயர் வைத்து இரண்டு வரி, தமிழோ மராத்தியோ, திருத்தமான கையெழுத்தில் எழுதி அனுப்புங்கள்.