புல் மட்டும் தெளிவாக விழுந்த படங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, இந்தத் தடவை அந்தப் பொய் வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறதடா. இந்த மலையில் போனுக்கு சிக்னல் கிடையாது. விடுதி அலுவலகக் கணினியிலிருந்து மட்டும்தான் மெயில் போகிறது. மேனேஜர் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். நீ படித்த கையோடு கிளம்ப வேண்டும், அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நாளைக் காலை அவர் எங்கள் காரை ஓட்டிக்கொண்டு கணவாய் வழியாக அடுத்த பூங்காவுக்குப் போகப் போகிறேன் என்று நிற்கிறார்.

முப்பது வருஷம் ஸ்டுடியோவில் அடுத்தவர் முகத்தையே எடுத்தாயிற்று, இனி மிருகமும் மலையும்தான் என்று கடையை மூடிவிட்டு நாங்கள் கிளம்பியது உனக்குத் தெரியும். மூன்று தேசியப் பூங்கா, ஐந்து வாரம். மிருகம் அவருக்கு, மலை எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். முதல் பூங்காவில் ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. குளிரில் எனக்கு மூக்கு ஒழுகியது, அவர் குறட்டை விட்டார், அவ்வளவுதான்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். ஸ்டுடியோவில் அவர் எடுப்பார், நான் பொறுக்குவேன். கண்ணை மூடிய படம், ஆடிப்போன படம் எதுவும் யார் கண்ணிலும் படக்கூடாது, முதலில் அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம். இந்தப் பயணத்திலும் சாயங்காலமானால் மெமரி கார்டை வாங்கி நான்தான் பொறுக்குகிறேன். முதல் வாரம் பத்துக்கு ஒன்று கெட்டிருந்தது. போன வாரம் பத்துக்கு எட்டு. மானை எடுத்திருப்பார், முன்னால் நிற்கிற புல் ஊசி மாதிரி தெளிவாக இருக்கும், மான் வெறும் புகையாக இருக்கும். வயசாகிறது, மனசு நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் அழித்தேன். அவர் தோளுக்குப் பின்னால் நின்று என் கேமராவில் நான் எடுத்ததில் நாலைந்தை அவர் படங்களோடு சேர்த்தும் வைத்தேன். எப்படி வந்திருக்கு என்று கேட்பார். பிரமாதம் என்பேன். புண்ணியம் செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு மனுஷனைக் குழியை நோக்கி நடக்கவிட்டிருக்கிறேன்.

நேற்றுக் காலையில் இந்த இரண்டாவது பூங்காவின் புல்வெளிக்குப் போயிருந்தோம். வனக்காவலரும் கூட வந்தார். அதோ அந்தக் கருப்புப் பாறைகிட்ட நின்னா வெளிச்சம் நல்லா விழும் என்று சொல்லிவிட்டு உன் மாமா கேமராவும் ஸ்டாண்டுமாக நேராக நடந்தார். பாறை தலையைத் தூக்கியது. கரடி, தம்பி! பக்கத்தில் குட்டி. எனக்குக் கத்த வாய் வரவில்லை. காவலர்தான் அடிக்குரலில், ஓடாதீங்க சார், அப்படியே பின்னாடி வாங்க என்று சொல்லிச் சொல்லி இழுத்துக்கொண்டு வந்தார். கரடி என்ன நினைத்ததோ, குட்டியைத் தள்ளிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டது. திரும்பி வந்த உன் மாமா, பாத்தியா, எவ்வளவு கிட்டப் போனேன் என்று பெருமையடித்தார். நானும் சிரித்தேன்.

மத்தியானம் அவர் குளிக்கப் போனபோது அவருடைய கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் கலங்கல். கண்ணின் பவருக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள அதில் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. அதைக் கடைசி வரைக்கும் திருப்பி வைத்திருக்கிறார். அதற்கு மேல் திருப்ப இடமில்லை. கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

கணவாய்ப் பாதையை நீ பார்த்ததில்லை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஆகாயம். எனக்கு ஓட்டவும் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற நீ சொல்லிக்கொடுத்தும் மூன்றாம் நாளே கேட்டைப் பெயர்த்தவள் நான். அதனால் கார் சாவியை எடுத்து இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன். அவர் அறையில் ஒவ்வொரு பையாகக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இதுவரை எழுதி முடித்தபோது அவரே இங்கே வந்துவிட்டார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கையை நீட்டி, சாவிய குடு, உன் இடுப்புல குலுங்குறது கேக்குது என்றார். நான் மாட்டேன் என்றேன். கரடியைச் சொன்னேன், புல்லைச் சொன்னேன், அழித்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. படத்துக்கு நம்பர் வரிசையா வரும்ல, பத்துக்கு அப்புறம் பத்தொன்பது வந்தா எனக்குத் தெரியாதா, எழுத்தப் பெருசாக்கித்தான் பாத்தேன் என்றார். கிளம்புவதற்கு ஒரு மாசம் முன்பே தனியாகப் போய்க் கண் டாக்டரைப் பார்த்திருக்கிறார். இனி வண்டியைத் தொடாதீர்கள் என்று அந்த டாக்டரம்மா எழுதியே கொடுத்திருக்கிறார். இந்த ஒரு பயணம் முடியட்டும்னு நெனச்சேன், கண்ணு இருக்கறப்பவே பாத்துக்கணும்ல என்றார்.

அப்புறம் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டேன். காரில் ஏறினால் நான் வாயை மூடமாட்டேன் என்பது ஊரறிந்த விஷயம். வளைவு வருது, லாரி வருது, ஓரம் பாத்து, மெதுவா என்று நச்சரித்துக்கொண்டே வருவேன். அத வச்சுத்தான் ஓட்டினேன், நாளைக்கும் நீ இருக்கயே என்றார்.

நாளைக்கு நான் வாயே திறக்கமாட்டேன், முடிந்தால் ஓட்டுங்கள் என்றேன். சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் சுவரோரத்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்துவிட்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

தம்பி, எனக்கு இப்போதுதான் ஒன்று உறைக்கிறது. முந்தாநாள் இந்த மலைக்கு ஏறி வரும்போது சளி மாத்திரை போட்ட அசதியில் நான் அரை மணி நேரம் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. எழுப்பியிருக்கலாமே என்று இப்போது கேட்டேன். அசந்து தூங்கின, எழுப்ப மனசு வரல என்கிறார். எழுத்துப் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்.

வா. அடிவாரம் வரை பஸ் உண்டு, அங்கிருந்து விடுதி ஜீப் ஏற்றிக்கொள்ளும். நீ வரும்வரை எங்கள் அறையை எங்களுக்கே விட்டுவைப்பதாக மேனேஜர் சொல்லிவிட்டார். வந்து அவரைத் திட்டாதே, கண்ணைப் பற்றிக் கேட்காதே. இறங்கும்போது மாமாவை முன் சீட்டில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் என்னென்ன தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே ஓட்டு. பனி, மரம், மிருகம், எதையும் விட்டுவிடாதே. நான் பின்னால் பேசாமல் வருகிறேன்.

உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும். பத்திரமாக வந்து சேர்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா