ஏணியில் இறங்கியவனின் முகம்

மார்ச் 3, செவ்வாய்

பல் கிளினிக்குக்குக் கிளம்பும் நேரத்தில் நாத்தனாரின் போன். அவள் மகளுக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. கோடை முடியும்வரை அங்கேயேதான் இருப்பாளாம். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், "அண்ணி, இந்த வருஷம் என் வேஷத்தை நீங்கதான் போடணும்" என்றாள். தலையாட்டிவிட்டேன். போனில் தலையாட்டினால் தெரியாதே என்று "சரி"யும் சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் ஊர் நாடகக் குழுவுக்கு ஒரே நாடகம்தான், 'ஏணிக்காரன்'. அறுபது வருஷத்துக்கு முன்னால் இங்கே பெரிய வீட்டில் எட்டு மாதக் குழந்தையை மாடி ஜன்னல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாடே பேசிய வழக்கு. குழந்தை பத்திரமாகத் திரும்பி வந்தது. அந்த வாரம் அந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவருக்கு ஆயுள் தண்டனை. ஜெயிலிலேயே இறந்துபோனார். சாட்சியம் இரண்டே இரண்டு. ஜன்னலில் சாய்ந்திருந்தது அவருடைய ஏணி. இறங்கியவன் முகத்தைச் சமையல்கார அம்மா பார்த்திருக்கிறார்.

நான்தான் சமையல்கார அம்மா. ஏணிக்காரன் எப்போதும்போல இவர். கட்டிய கணவனைக் கோர்ட்டில் கைகாட்டி ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும். "உனக்கு நடிக்கவே வேண்டியிருக்காது" என்கிறார்.

மார்ச் 5, வியாழன்

டோக்கன் கொடுத்துக்கொண்டே வசனம் மனப்பாடம் செய்தேன். கோர்ட்டில் அந்த அம்மா சொன்ன சொல்லை அப்படியே எடுத்து எழுதியதாம். எழுதியவர் மருந்துக்கடைக்காரரின் அப்பா. இப்போது மகன்தான் இயக்குநர், அரசு வக்கீல் வேஷமும் அவரே. அப்பா எழுதியதில் ஒரு கால்புள்ளியைக்கூடத் தொட விட மாட்டார்.

"ஏணியில இறங்கறப்போ அவன் முகத்தை நல்லாப் பார்த்தேன். சாகுறவரைக்கும் அந்த முகம் எனக்கு மறக்காது!"

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே ஊசிக்குக்கூட வாய் திறக்காதவர் பட்டென்று திறந்தாராம். "தினம் வந்து சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மார்ச் 8, ஞாயிறு

பெரிய வீட்டில் முதல் ஒத்திகை. அங்கேதான் நாடகமும் நடக்கும். ஒரு பக்கம் வீடு, எதிரே தனிக் கட்டடமாகச் சமையல்கட்டு, நடுவில் முற்றம். ஏணி வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும். சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு ஊர் உட்காரும். நான் அவர்களுக்குப் பின்னால், சமையல்கட்டு ஜன்னலில்.

வீட்டுக்காரரையும் பார்த்தேன். கடத்தப்பட்ட குழந்தையே அவர்தான். வழுக்கை, தொந்தி, மூட்டுவலி எல்லாம் வந்த பிறகும் ஊருக்கு அவர் பாப்பாதான். வருஷா வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து, தன்னை யாரோ தூக்கிக்கொண்டு போவதை ரசித்துப் பார்த்துக் கைதட்டுவார். "பொம்மையைக் கொஞ்சம் பாத்துப் பிடிங்க வாத்தியாரே, அது நானு" என்றார் இவரிடம்.

மேடைக்கு ஒரு சட்டம் உண்டு. என்ன ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது. அதனால் ஏணிக்காரன் ஊரைப் பார்த்தபடி, முதுகைச் சுவருக்குக் கொடுத்து, முறைத்துக்கொண்டே இறங்குவான். நாத்தனார் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். இன்று இவர் நான்காம் படியில் முறைத்தார், மூன்றாம் படியில் வழுக்கினார், மிச்சப் படிகளைப் பின்பக்கத்தாலேயே இறங்கினார். பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 9, திங்கள்

பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே கணக்குப் பாடம் நடத்தினாராம். "ஏன் சார் உட்காரல?" என்று கேட்ட பையனுக்கு இரண்டு கணக்கு அதிகம்.

மார்ச் 12, வியாழன்

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது.

"இனிமே மனுஷன் இறங்குற மாதிரிதான் இறங்குவேன். முடியாதுன்னா வேற ஆளைப் பாருங்க" என்று இவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏணிக்காரனுக்கு வேறு ஆள் யார் வருவார்கள்? மருந்துக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இவர் சுவரைப் பார்த்தபடி, பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் ஜன்னலில் நிற்கிறேன். என் வசனம் வர வேண்டும். வரவில்லை.

"என்னம்மா, மறந்துடுச்சா?"

"மறக்கலைங்க. இவரு முகம் தெரியல."

"உன் புருஷன் முகம் உனக்குத் தெரியாதா?"

"அது தெரியும், தலையெழுத்து. இங்கேருந்து பார்த்தா சட்டையில தையல் விட்டிருக்கிறதுதான் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் நிறுத்தியது நான்தான் என்று நினைக்கிறேன்.

"திரும்பிப் பார்த்திருப்பான்" என்றார் மருந்துக்கடைக்காரர். இவரைத் திரும்பச் சொன்னோம். ஒரு கையில் பொம்மை, ஒரு கையில் ஏணி. எவ்வளவு திரும்பியும் எனக்குத் தெரிந்தது ஒரு காது. "கீழ வந்ததும் திரும்பியிருப்பான்." கீழே வந்தால் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. அந்தத் தொட்டி அன்றும் இருந்ததாம், வீட்டைவிடப் பழையது.

வழக்கு நடந்தது வேறு ஊரில். நீதிபதி இந்த முற்றத்தை வந்து பார்க்கவேயில்லையாம். ஊராவது பார்த்திருக்கலாம் — எங்கே பார்ப்பது? வருஷா வருஷம் நாங்கள்தான் ஏணிக்காரன் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தோமே!

எனக்கெதுக்கு வம்பு. ஏணி அவருடையதுதானே? அது சரி, பெயிண்டர் வேலை செய்யும் வீட்டில் ஏணியை விட்டுப் போகாமல் மடித்துச் சட்டைப்பையிலா போட்டுக்கொண்டு போவார்?

மார்ச் 13, வெள்ளி

பல் பிடுங்க வந்தவரைச் சுத்தம் செய்யவும், சுத்தம் செய்ய வந்தவரைப் பிடுங்கவும் அனுப்பிவிட்டேன். நல்லவேளை, டாக்டர் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்.

மார்ச் 14, சனி

சமையல்கார அம்மாவின் சட்டைக்குப் பொத்தான் வேண்டியிருந்தது. பொத்தான் கடைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் பொத்தானுக்காகப் போகவில்லை. கடை நடத்தும் பெரியம்மா ஏணிக்காரரின் மகள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அவருக்கு ஆறு வயது.

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். உளறிக் கொட்டிவிட்டேன். இவர் விழுந்தது, தையல் விட்டது, காது தெரிந்தது, எல்லாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பயம் வந்துவிட்டது. ஆறின புண்ணைக் கிளறுகிறோமோ?

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்து என் துணியில் வைத்து நிறம் பார்த்துக்கொண்டே இருந்தார். "உன் வீட்டுக்காரருக்கு இப்ப இடுப்பு எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

பிறகு சொன்னார். "எங்கப்பா பண்ணாரா பண்ணலையான்னு எனக்குத் தெரியாதும்மா. வீட்லதான் படுத்திருந்தார்னு எங்கம்மா சொன்னாங்க. பொண்டாட்டி சாட்சி செல்லாதுன்னுட்டாங்க. நீங்க அவரு நல்லவருன்னு நாடகம் போட வேணாம். பார்க்காததைப் பார்த்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. வருஷா வருஷம் மைக் வச்சுச் சொல்றீங்களே, என் கடை வரைக்கும் கேக்குது."

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவரோ என் முகத்தைப் பார்த்து, "இந்தப் பொத்தான் உனக்கு எடுப்பா இருக்கும்" என்கிறார். என்ன மனுஷி!

மார்ச் 15, ஞாயிறு

பாப்பாவிடம் யார் சொல்வது? பூனைக்கு யார் மணி கட்டுவது? கட்டத் தெரியாவிட்டாலும் வாய் இருக்கிறதே, நானே சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்கம்மா கடைசி வரைக்கும் அந்தாளுதான்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாங்க. அவங்க பொய் சொன்னாங்களா?"

"அம்மா எதையும் பார்க்கலையே ஐயா. சமையக்காரம்மா பார்த்ததா சொன்னதைத்தான் அவங்களும் நம்பியிருக்காங்க. நாங்க எல்லாரும் நம்பின மாதிரி" என்றேன்.

சமையல்கட்டுக்கு நடந்துபோனார். ஜன்னலில் தொந்தி இடிக்க நின்றார். இவரை ஏறி இறங்கச் சொன்னார். மறுபடியும் சொன்னார். இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்த முகம் எனக்குச் சாகும்வரை மறக்காது. இன்னொரு தடவை இறங்கியதும் பாப்பா அங்கேயே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷமா முதல் வரிசையில உக்காந்து பார்த்திருக்கேன். இங்க வந்து நின்னு ஒரு தடவை பார்க்கணும்னு தோணலையே எனக்கு."

மருந்துக்கடைக்காரர்தான் இறங்கி வரவில்லை. "எங்கப்பா எழுதினது. அவரு பொய்யா எழுதினார்னு ஊர் சொல்லும்" என்று கண்கலங்கிவிட்டார். அதுவரை அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது. இந்த ஊரில் எத்தனை பேர்தான் அவரவர் அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு திரிவது?

மார்ச் 18, புதன்

பஞ்சாயத்து முடிந்தது. இவர் இடுப்பில் கயிறு கட்டி மேலிருந்து பிடித்துக்கொண்டால் பழையபடியே ஊரைப் பார்த்து இறங்கலாமே என்று மருந்துக்கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். "நான் என்ன வாளியா?" என்றார் இவர். யோசனை அதோடு போயிற்று.

கடைசியில் பாப்பா தீர்ப்புச் சொன்னார். "வசனத்துல ஒரு எழுத்தைத் தொடாதீங்க. அவங்கப்பா எழுதினது அப்படியே இருக்கட்டும். ஏணியில மட்டும் மனுஷன் எப்படி இறங்குவானோ அப்படி இறங்கட்டும்."

மருந்துக்கடைக்காரருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் சங்கடம். அந்தப் பொய்யை நான்தானே சொல்ல வேண்டும்? மைக்கில் சொல்ல வேண்டும். கடை வரைக்கும் கேட்கும்.

மார்ச் 20, வெள்ளி

பொத்தான் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்குக் காது கேட்காத மாதிரி ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "நீ உன் வேலையைப் பாரு. நல்லாச் சாப்பிட்டுப் போ, மயங்கி விழுந்துடாதே" என்றார்.

மார்ச் 21, சனி

எழுதக் கை ஓடவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கூட்டம் வழக்கம்போல. இவர் ஏறினார், பொம்மையை எடுத்தார், சுவரைப் பார்த்தபடி இறங்கினார், தொட்டிக்குப் பின்னால் மறைந்தார். வருஷா வருஷம் அவர் முறைக்கும் இடத்தில் ஊளையிடும் அவருடைய மாணவர்கள், எங்கே ஊளையிடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

கோர்ட் காட்சி. வக்கீலாக மருந்துக்கடைக்காரர் கேட்டார். நான் கூண்டில் நின்று, ஒரு எழுத்து மாற்றாமல், "ஏணியில இறங்கறப்போ அவன் முகத்தை நல்லாப் பார்த்தேன்" என்றேன்.

நடுவரிசையில் ஒரு குரல். "எங்கேம்மா பாத்தே? நாங்க பாக்கலையே!"

சிரிப்பு. இன்னொருவர், "முதுகைத்தானே பாத்தோம்!" இன்னும் பெரிய சிரிப்பு. அது அடங்க அடங்க வேறு ஏதோ ஆயிற்று. முன்வரிசை ஆட்கள் திரும்பிச் சமையல்கட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். ஏணியைப் பார்த்தார்கள். மறுபடியும் ஜன்னலை. கொட்டகை மாதிரி இரைந்துகொண்டிருந்த இடம் கப்பென்று அடங்கிவிட்டது.

அடுத்த வசனம் மருந்துக்கடைக்காரருடையது. "கனம் நீதிபதி அவர்களே, இதைவிடச் சாட்சி வேண்டுமா?" என்று அவர் கேட்க வேண்டும். கேட்கவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது. கறுப்புக் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அவர் அப்பா எழுதாத ஒரு வரியைச் சொன்னார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. நீ முகத்தைப் பார்த்தியா?"

அதற்கு எனக்கு வசனமே இல்லையே!

"இல்லைங்க" என்றேன். "முதுகைத்தான் பார்த்தேன்."

நீதிபதியாக நடிக்கும் தையல்காரருக்கு ஒரே ஒரு தீர்ப்புதான் மனப்பாடம், அது இப்போது ஒத்துவராது. சுற்றுமுற்றும் பார்த்தார். "எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். யாரும் போகவில்லை. பாப்பாதான் முதலில் கைதட்டினார்.

மருந்துக்கடைக்காரர் கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டார். போகும்போது, "நாளைக்கும் அதே மாதிரிதான் கேப்பேன்" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று கடைசி ஆட்டம். உட்கார இடமில்லை. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள்.

பொத்தான் கடைப் பெரியம்மா வந்தார். அந்த வாசலுக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவையாம். கடைசி வரிசையில், என் ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். பாப்பா முதல் வரிசையிலிருந்து தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, மூட்டுவலியோடு, ஊர் பார்க்கப் பின்னால் வந்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இவர் இறங்கும்போது பெரியம்மா பாதி எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார்.

முடிந்ததும் ஓடினேன். அழுதிருப்பார் என்று நினைத்தேன். கண் ஈரம்தான், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கு எங்கப்பா முகம் சரியா ஞாபகம் இல்லம்மா. முதுகுதான் ஞாபகம் இருக்கு. ஏணி மேல நின்னு சுவத்தைப் பாத்துக்கிட்டே என்கூடப் பேசிட்டிருப்பார். நான் கீழ நின்னு பதில் சொல்லிட்டிருப்பேன். இன்னிக்கு உன் வீட்டுக்காரர் இறங்கறப்போ, அப்பான்னு கூப்பிட்டுடுவேனோன்னு பயந்துட்டேன்."

பாப்பாதான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார். "என்ன பேசுவாரு?" என்றார். "எனக்கு அவரைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. ஏணிக்காரன்னு மட்டும்தான் தெரியும். சொல்லுங்க."

பெரியம்மா சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் வேஷம் கலைத்து, கைகால் கழுவிக்கொண்டு திரும்பியபோதும் சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பா தொந்தி குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலி வாடகைக்காரர் எல்லாவற்றையும் அடுக்கி வண்டியில் ஏற்றிவிட்டு, அந்த இரண்டுக்காக வாசலில் காத்துக்கொண்டு நின்றார்.