ஒன்றரைப் பவுன் குண்டு

தியாகராய நகர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சிந்துவுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இன்று அந்த வரிக்கு வர மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து நேற்று ராத்திரி வரை நானும் அம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை. கனடாவில் பாறை ஆராய்ச்சி என்றுதானே அனுப்பினோம், உன் கையில் துப்பாக்கி இருக்கும் என்று கனவிலாவது நினைத்தோமா. கூடாரத்துக்குக் கரடி வந்தது, நீ சுட்டாய், அது விழாமல் உன்னோடு வேலை செய்யும் ராகேஷ் மேல் பாய்ந்து கையைக் கடித்தது, மறுபடி சுட்ட பிறகுதான் சாய்ந்தது, இதையெல்லாம் மழை பெய்த சேதி மாதிரி சொல்லிவிட்டுக் கடைசியில்தான் அழுதாய். தோட்டாவுக்கு வெடிமருந்து அளந்து குண்டு வைத்து அடைத்ததும் நீயேதான் என்றதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுடும்போது துப்பாக்கி தோளை ரொம்ப உதைக்குதுன்னு லேசான குண்டு எடுத்தேன்ப்பா, என்னாலதான் ராகேஷுக்கு இப்படி ஆச்சு என்றாயே, அது இன்னும் என் காதிலேயே கிடக்கிறது.

நேற்றுக் கடையில் மனசு ஒட்டவில்லை. கோபாலபுரத்துச் சந்திரமௌலி சார் நம் வாடிக்கைக்காரர், ரைஃபிள் கிளப்பில் பல வருஷம் சுட்டவர், அவர் வீட்டுக்கே போய் நீ சொன்ன குண்டு நம்பரைச் சொன்னேன். நகைக்கடைக்காரனுக்குப் புரியும்படி, உன் குண்டு ஒன்றரைப் பவுன் எடை, கரடிக்கு இரண்டு பவுனாவது வேண்டும் என்றார். லேசானது வேகமாகப் போய் மேல் சதையிலேயே சிதறிவிடுமாம், கனமானது மெதுவாகப் போனாலும் எலும்பை உடைத்து உள்ளே இறங்குமாம். அரைப் பவுனைத் தினமும் கையில் எடுத்து வைக்கிறவன் நான், அதில் ஒரு உயிர் ஊசலாடும் என்று தெரியாமல் போச்சு. இன்னொன்றும் சொன்னார். கனமான குண்டுக்குப் பழைய அளவிலேயே மருந்து போட்டால் துப்பாக்கி உன் முகத்திலேயே வெடிக்கும், அதற்குரிய அளவைப் புத்தகத்தில் பார்த்துத்தான் போட வேண்டும் என்றார். அங்கே கடையில் விற்கிற கனமான தோட்டாவையே வாங்கிக்கொள்ளம்மா. தோள் வலித்தால் வலிக்கட்டும்.

சாயங்காலம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அடையாறில் ராகேஷ் வீட்டுக்குப் போனேன். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று பேசிவைத்துக்கொண்டுதான் போனோம். கதவைத் திறந்த ராகேஷின் அம்மா உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மத்தவங்க எல்லாம் ஓடிட்டாங்களாம், உங்க பொண்ணு மட்டும் கிட்டப் போய் நின்னு சுட்டுச்சாம், அதனாலதான் இன்னிக்குக் காலைல என் பையன் குரலைக் கேட்டேன் என்றார். நான் குண்டு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். காபி ஆறுது, குடிங்க என்று சொல்லி மேலே பேச விடவில்லை. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அம்மா அழுதாள். வீட்டுக்கு வந்து உலை வைத்தாள்.

நீயும் வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. ராகேஷ் கண்ணைப் பார்த்துப் பேசு, ஒதுங்கிப் போகாதே. திருச்செந்தூர் முருகன் உங்கள் இருவருக்கும் துணையிருப்பான். என் பேச்சைக் கேட்காமல் நீயேதான் மருந்து அளப்பாய் என்று தெரியும். அப்படி அளக்கும்போது எங்கள் போன் வந்தால் எடுக்காதே. எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம்.

இப்படிக்கு உன் அப்பா,
வெள்ளைத்துரை.