பதில் குரல் இல்லாத பாட்டு

ஒலோங்காப்போ,
அக்டோபர் கடைசி வாரம்

அன்பு மகள் ஆமிஹானுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீ பாடும் தோஹா ஹோட்டலின் ஏ.சி. குளிர் உன் தொண்டையைப் பிடிக்கக் கூடாது என்பதே இங்கே தினசரி ஜெபம். கல்லறைத் திருநாள் வருகிறது, சாந்தோ பெரியப்பாவின் சமாதிக்கு வெள்ளையடித்தாயிற்று. நீ பாடி அனுப்பிய 'அக்கரைப் படகு' கேட்டேன். அண்ணன் தம்பி இருவரும் இருந்த குழு போட்ட ஒரே ஆல்பத்தில் அப்பா கரையிலிருந்து "யாரங்கே" என்று பாட, பெரியப்பா படகிலிருந்து பதில் பாடுவார். எரிமலைச் சாம்பலில் கூரை இடிந்து அவர் போனபின், சமாதியருகே அப்பா இரண்டு குரலையும் தானே பாடுவார், பதிலை வெற்றாக விட்டதே இல்லை. கூடப் பாடுபவனுக்குக் காய்ச்சல் என்று நீ அந்த இடத்தை மௌனமாக விட்டிருக்கிறாய். அது எல்லோருக்கும் பிடித்துவிட்டதால் கிறிஸ்துமஸ் மேடையிலும் அப்படியே பாடப்போவதாகச் சொல்கிறாய். அது வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பத்திரிகை வேலையை விட்டாலும் விசாரிக்கும் பழக்கம் என்னை விடவில்லை. அந்தப் பாட்டைப் புதிதாகப் பாடிய ரெக்கே குழு பதிலையும் பாடியிருக்கிறது, அதில் வித்தியாசமாக எதுவுமில்லை. டிவி பாட்டுப் போட்டியில் அதைப் பாடிய ஒரு பெண் பதிலை விட்டுவிட்டாள். அதை ஒலிப்பதிவு செய்த போர்ஃபிரியோ, "அந்த வெத்து எடத்துல ஆம்பளக் குரல் ஒண்ணு இருந்துச்சுக்கா, நான் சேக்கல. ஆல்பத்தோட பழைய டேப்பு வெள்ளத்துல போச்சே, எங்கேருந்து சேப்பேன்? சிலுவை போட்டுக்கிட்டு அழிச்சேன்" என்றார். அந்தப் பெண் இப்போது பாடுவதில்லை, காரணமும் சொல்லவில்லை. உன் பதிவிலும் அந்தக் குரல் இருக்கிறது. ஆனால் பாட்டின் வரி அல்ல, "பிங்பிங்" என்கிறது. பெரியப்பா இறந்தபின் பிறந்த உனக்கு நாங்கள் வைத்த வீட்டுப்பெயர். என் காதைச் சந்தேகித்துப் பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்கச் சொன்னேன், "யாருடி அந்தக் கிழவன், உம்பொண்ணைக் கொஞ்சுறான்? மாப்பிள்ளையா?" என்று சிரித்தாள்.

நேற்று மதியம் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். உன் பாட்டு முடிந்தும் அப்பா செல்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "குயா, அவ சின்னப் பொண்ணு, அவளை விட்டுடு. மொதக் குரல் என்னோடதுதானே, நானே வர்றேன்" என்று அண்ணனிடம் பேசுவதுபோலச் சொன்னார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். இன்று கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டி, காலையிலிருந்து "யாரங்கே" என்று மட்டும் பாடி நிறுத்துகிறார். நிறுத்திய மறுகணம் நான் சமையலறையிலிருந்து பதிலைக் கத்திவிடுகிறேன். "தகர டப்பா, வாயை மூடு" என்று திட்டுகிறார். நான் விடுவதில்லை. அவர் பாடுவது காதில் விழவேண்டும் என்று குளிக்கும்போதும் கதவைத் திறந்தே வைக்கிறேன்.

நீயும் சுருதி தப்பினாலும் பரவாயில்லை, பதிலை நீயே பாடு. உன் பெயரை யார் கூப்பிட்டாலும் முகம் பார்க்காமல் "என்ன" என்று கேட்காதே. தேவமாதா உன்னைக் காக்கட்டும், உன் தலைமேல் எங்கள் இருவர் கையும் எப்போதும் உண்டு. அப்பா மறுபடி கிதாரை எடுத்துவிட்டார், நான் போகவேண்டும்.

உன் அம்மா,
நிமியா