பிள்ளைகள் முன்னால் சொன்ன சொல்

கனகா,

நீ விடியும்போதுதான் கண்ணயர்ந்தாய். எழுப்ப மனம் வரவில்லை. ரோகிணியைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே டிப்போவுக்குப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சட்னியில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது, பார்த்துக்கொள். மதியம் சிலிண்டர் வரும்.

நேற்று ரோகிணியின் கணக்கு மார்க் முப்பத்தெட்டு என்றதும், உன்னிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள் முன்னாலேயே, "ஊர்ப் பிள்ளைகளத் தூக்கிவிட்டுட்டு நம்ம பிள்ளயக் கோட்டை விட்டுட்டியே" என்று கேட்டுவிட்டேன். நீ உடனே, இனி வர வேண்டாமென்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டாய்.

காலையில் ரோகிணி சொன்னாள்: "அம்மா நல்லாத்தான் சொல்லித் தர்றாங்கப்பா. நான்தான் சந்தேகமே கேக்குறதில்ல. கேட்டா, டீச்சர் மகளுக்கே தெரியலையான்னு டியூஷன்ல எல்லாரும் சிரிக்கிறாங்க."

அவளிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் உன்னைப் பேசிவிட்டேன்.

முத்துக்குமரன்

இன்னொன்று. அந்தப் பிள்ளைகளைச் சாயங்காலம் வரச் சொல்லப்போகிறேன். அவர்கள் முன்னால் பேசியதற்கு அவர்கள் முன்னாலேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதன் பிறகும் அவர்களுக்குச் சொல்லித்தர உனக்கு மனம் வரவில்லையென்றால் நானே பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். ரோகிணிக்கு மட்டும், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிக்கொடு.