மாமாவின் பெல்ட்டும் நமது தோல் சீவும் மெஷினும்

அன்புள்ள குணா அண்ணனுக்கு,

நாலு பேர் முன்னால் “சகலை” என்று கூப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்காது. “அதென்ன, கோர்ட்டுல எதிர்க்கட்சிக்காரன் மாதிரி? அண்ணேன்னு கூப்பிடு” என்பீர்கள். அக்கா தங்கையைக் கட்டிய இருவருக்கு வேறு என்ன பெயர் இருக்கிறது? சரி, இந்தக் கடிதத்திலும் அண்ணன்தான்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. திவசம் போன வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. ஐயர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நீங்கள் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள். வந்தவர்கள் எல்லாரும் உங்கள் பொறுமையைப் பற்றி, ரயில்வே ஸ்டோரில் முப்பது வருஷம் ஒரு லீவுகூட வீணாக எடுக்காதது பற்றிப் பேசினார்கள். அந்த மெஷினைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

பத்திரிகையில் படம் போட்டு நாலு வரி எழுதலாம் என்றாள் என் வீட்டுக்காரி விமலா. நாலு வரியில் எந்தக் கதையைச் சொல்வது? மெஷினைச் சொன்னால் நமக்குப் பெண் கொடுத்த மாமாவின் பெல்ட்டைச் சொல்ல வேண்டும். பெல்ட்டைச் சொன்னால் உங்களைக் கட்டிய சரோஜா அக்காவின் காலைச் சொல்ல வேண்டும். அதனால்தான் இத்தனை பக்கம்.

நீங்கள் அதை வாங்கிய நாளை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! சீனச் செருப்புக்கடைக்காரர் ஒருவர் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு, வேலை முடிந்த கையோடு போய் அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு மினி பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்கள். கண்டக்டர் தமிழ்ப் பையன்.

“என்னாண்ணே இது, தேங்காப்பால் பிழியிற மெஷினா?”

“இல்ல தம்பி. தோல் சீவுறது.”

அவ்வளவுதான். பக்கத்து சீட்டில் இருந்த ஆன்டி எழுந்து முன்னால் போய்விட்டார். “சீட்டுல வெக்காதீங்க லா, ஆள் ஏறணும்” என்று கண்டக்டர் சொல்ல, பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். தொடையில் கன்றிய நீலம் மாற ஒரு வாரம் ஆயிற்று.

வீட்டு வாசலில் அடுத்த சிக்கல். “மாட்டுத் தோலும் அந்த மெஷினும் வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன். பூஜை பண்ற வீடு” என்று அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் போலியோ வந்த இடது காலில் அவர் போட்டிருந்த காலிப்பர் என்ற இரும்புத் தாங்கியின் வாரும் மாட்டுத் தோல்தான். நீங்கள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில், ஒரு பழைய பெஞ்சின் மேல் அதைப் போல்ட் போட்டு முடுக்கினீர்கள்.

மறுநாளே கிள்ளானில் என் ஆபீசுக்குப் போன் வந்தது. “மணியம், ஞாயித்துக்கிழமை வா. சின்ன வேலை.”

அந்தச் சின்ன வேலை பன்னிரண்டு வருஷம் நடந்தது, அண்ணே.

மெஷின் எளிமையானதுதான். ஓர் இரும்பு உருளை, அதை ஒட்டினாற்போல் ஒரு சாண் அகலக் கத்தி, பக்கத்தில் கைப்பிடி. மேலே இருக்கும் திருகாணியைத் திருகினால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடும், குறையும். தோல் வாரை அந்த இடைவெளியில் கொடுத்து ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று ஒரே சீராக இழுக்க வேண்டும். மேலே மெல்லிய வார் வரும், கீழே சீவல் விழும். மெஷினோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

நமக்கு வந்தது வேறு. முதல் வார் பாதியில் இரண்டாக அறுந்தது. இரண்டாவது அப்பளம் மாதிரி சுருண்டது. மெத்தென்ற தோல் ஒன்று வாங்கி வந்தீர்கள். அது உள்ளே போய், உருளையில் சுற்றிக்கொண்டு, வெளியே வரவே மாட்டேன் என்றது. கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தோம். “நான் நிறுத்துன்னா உடனே நிறுத்து” என்பீர்கள். நீங்கள் “நிறுத்து” என்று சொல்லும்போது தோல் ஏற்கெனவே அறுந்து உங்கள் கையில் இருக்கும். அதற்குப் பிறகு பத்து நிமிஷம், தப்பு சுற்றியவன் மேலா இழுத்தவன் மேலா என்று விசாரணை.

நாலு ஞாயிற்றுக்கிழமை உழைத்து நான் வீட்டுக்குக் கொண்டு போனது ஒரு சில்லறைப் பை. அதன் வாய் மூடாது. விமலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “என்னங்க, நெசமாவே எங்க அக்கா வீட்டுக்குத்தான் போறீங்களா?”

ஐந்தாவது வாரம் நான் வந்ததே, இனிமேல் வர முடியாது என்று சொல்லத்தான். நீங்கள் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினீர்கள்.

“ஆஸ்பத்திரியில குடுத்த வாரு, மணியம். தடிமாடு மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் கத்தி. ஸ்கூல் வேலைக்கு நடந்து போயி நடந்து வராளே, முட்டிக்குக் கீழ அறுத்து வெச்சிருக்கு. கைக்குட்டைய மடிச்சு உள்ள வெச்சிக்கிறா. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. துவைக்கிற துணியில நான்தான் பாத்தேன், கைக்குட்டை பூரா ரத்தம்.”

“டாக்டர்கிட்ட சொல்லி மாத்தலாமே?”

“ரெண்டு தடவ மாத்துனாங்க. அதே தடிப்பு. மெல்லிசா, ஓரம் இல்லாம நானே செஞ்சா என்னன்னு பாத்தேன். அவகிட்ட சொல்லிடாத. செஞ்சு முடிச்சிட்டுக் காட்டிக்கலாம்.”

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தேன். வேறென்ன செய்வது?

அப்போதுதான் நமக்குப் புத்தி வந்து, பிரிக்பீல்ட்ஸ் கடை வரிசையில் செருப்புத் தைக்கிற அங்கிளைக் கூட்டி வந்தோம். அவர் மெஷினைச் சுற்றிப் பார்த்தார். கத்தியின் மேல் கட்டைவிரலை வைத்தார். சிரித்தார். “பீசாவ் தும்புல் லா!” என்றார். கத்தி மொட்டை! நாம் ஐந்து வாரமாக மொட்டைக் கத்தியோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். அவரே தீட்டியும் கொடுத்தார். அதற்குள் நம்மிடம் இருந்த நல்ல தோலெல்லாம் தீர்ந்திருந்தது. கடையில் கிடைத்தது ஒன்று பலகை மாதிரி இருந்தது, அல்லது துணி மாதிரி தொய்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டில் மாமா கைலி கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பேன்ட் ஆணியில் தொங்கியது. அதில் அவருடைய பெல்ட். இருபது வருஷமாக அவர் உடம்பில் ஊறியது, இரண்டு விரல் அகலம், நல்ல தடிப்பு, வளைத்தால் வாழை மட்டை மாதிரி வளையும். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன்.

“வேணாம்ணே.”

“முழுசா எடுக்கல. பாதி தடிப்பு. மேல் பாதி மாமாவுக்கு, கீழ் பாதி சரோவுக்கு. அவரு பெல்ட்டும் இருக்கும், இவ வாரும் இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?”

நான் சுற்றினேன். நீங்கள் இழுத்தீர்கள். பட்டறையில் முதல் தடவையாக ஒருவரும் கத்தவில்லை. பெல்ட் இரண்டு ஏடாகப் பிரிந்து வந்தது, பிசிறு இல்லை, அலை இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாம் இருவரும் நின்ற நிற்பு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பக்கிளைத் திரும்பத் தைத்து, மாமா எழுந்து காப்பி கேட்பதற்குள் பெல்ட் ஆணிக்குப் போய்விட்டது.

அக்கா புது வாரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இரண்டு நடை நடந்தார். “நல்லாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் துணிக்கொடியில் கைக்குட்டை இல்லை என்று நீங்கள் போன் பண்ணிச் சொன்னீர்கள். அதைச் சொல்ல மட்டும் ஒரு போன்.

மாமாதான் பாவம். “என்னமோ பெல்ட்டு தொளதொளன்னு இருக்கு. நான் எளைச்சிட்டேனா, மாப்ளே?” என்று உங்களைக் கேட்டார். நீங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “கொஞ்சம் எளைச்ச மாதிரிதான் இருக்கு மாமா” என்றீர்கள். மனுஷர் அன்றிலிருந்து காலையில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்தார். தோல் மெலிந்துகொண்டு போக, வயிறு பெருத்துக்கொண்டு வந்தது. இது எங்கே போய் முடியும் என்று நாம் யோசித்திருக்க வேண்டாமா?

கிள்ளானில், மாமாவின் தங்கை மகன் கல்யாணத்தில் முடிந்தது. கோட்டு சூட்டோடு மைக்கைப் பிடித்தார். அவர் வாழ்த்துரை என்றால் முக்கால் மணி நேரம் என்று ஊருக்கே தெரியும், சமையல்காரர்கள் அடுப்பைக்கூடத் தணித்துவிட்டார்கள். “திருமணம் என்பது ஒரு பந்தம்” என்று மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். மைக்கில் ‘பட்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்து மண்டபம் மேலே பார்த்தது. மாமா இடது முழங்கையைக் கோட்டோடு சேர்த்து இடுப்பில் இறுக்கிக்கொண்டார். “ஆகவே மணமக்கள் வாழ்க, சாப்பாடு தயார்” என்று சொல்லிவிட்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் மேடையை விட்டு இறங்கினார். அன்றைக்கு விழுந்த கைதட்டல் அவர் வாழ்க்கையில் வேறு எப்போதும் விழுந்ததில்லை.

மண்டபத்தின் பின்னால், அண்டா கழுவுகிற இடத்தில் நம்மை நிற்க வைத்தார். கையில் அறுந்த பெல்ட். அதன் ஓரத்தை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார்.

“மாப்பிள்ளைங்களா. இது தேஞ்சு அறுந்தது இல்ல. சீவியிருக்கு. நம்ம வீட்டுல சீவுற மெஷின் எத்தன இருக்கு?”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சுற்றியது நான்தான் என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த நேரத்தில் அக்கா வந்தார். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கி, காலைக் காட்டினார்.

“அப்பா, உங்க பெல்ட்டு மிச்சம் இங்க இருக்கு. எனக்கு மொத நாளே தெரியும். தலைக்குப் போடற க்ரீமத்தான நீங்க பெல்ட்டுக்கும் போட்டுத் தேய்ப்பீங்க? அந்த வாசம்.”

தெரிந்தும் போட்டிருந்திருக்கிறார், அண்ணே. நாம் என்னவோ பெரிய ரகசியத்தைக் கட்டிக் காத்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாமா குனிந்து பார்த்தார். வாரைப் பார்த்தார், அதற்குக் கீழே ஆறிப்போயிருந்த தழும்பையும் பார்த்தார். சிறு வயதுக்குப் பிறகு மகளின் காலை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

“கேட்டிருந்தா முழுசாவே குடுத்திருப்பேனே மாப்ளே” என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதுக்காகக் கல்யாண மண்டபத்துலயா எம் பேன்ட்ட எறக்கணும்?” என்றார். முதலில் சிரித்தது அக்காதான்.

அன்றைக்குப் பிறகு அவர் பெல்ட்டை நம்பியதே இல்லை. தோளில் மாட்டுகிற வார்தான். எண்பது தாண்டியும் அதேதான், திவசத்துக்கு வேட்டி கட்டியபோதுகூட அதைத் தேடினார்.

பிறகு காஜாங்கிலிருந்து ஓர் அம்மா அதே மாதிரி காலிப்பரோடு வந்தார்கள். சுங்கை பூலோவிலிருந்து ஒருவர். எல்லாருக்கும் செய்துகொடுத்தோம். சில்லறைப் பை மட்டும் கடைசி வரைக்கும் மூடவில்லை.

இப்போதைய செய்தி சொல்கிறேன். பெரிய ஸ்டேஷன் கட்டப்போகிறார்களாம், குவார்ட்டர்ஸ் பக்கமெல்லாம் இடிக்கிறார்கள். அக்கா வீடு மாறிவிட்டார். மெஷினைப் பெஞ்சோடு மூன்று பேராகத் தூக்கிக்கொண்டு போய்ப் புது வீட்டுப் பின்கட்டில் வைத்தோம். நீங்கள் கடைசியாகச் செய்த வார் போன மாதம் நைந்துவிட்டது. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. விமலாதான், அக்கா மறுபடியும் கைக்குட்டை மடிக்கிறார் என்று கண்டுபிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்துப் போனேன். தோல் கொண்டு போயிருந்தேன், கத்தியும் தீட்டிவிட்டேன். எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நகருங்க மணியம். நான் சுத்துறேன், நீங்க இழுங்க.”

“அக்கா, இது மாட்டுத் தோலு...”

“தெரியும். சுத்தட்டுமா?”

சுற்றினார். அவசரம் இல்லை, நடுக்கம் இல்லை. நிறுத்து என்று நான் சொல்ல வேண்டியே வரவில்லை, முடிகிற இடத்தில் அவராகவே நிறுத்தினார். முதல் வார், முதல் தடவையிலேயே, முனையிலிருந்து முனை வரைக்கும் ஒரே தடிப்பு. நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்.

“இம்புட்டுதானா?” என்றார் அக்கா. “இதுக்கா ரெண்டு ஆம்பளைங்க பன்னண்டு வருஷம் அந்தக் கத்து கத்துனீங்க?” சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு அழுதார், அழுதுகொண்டே அடுத்த வாரை எடுத்துக் கொடுத்தார்.

அண்ணே, ஏன் நாம் அவரை ஒரு நாளும் கூப்பிடவில்லை? நமக்குத் தோன்றவே இல்லையா, இல்லை அந்த ஞாயிற்றுக்கிழமைகளை யாருக்கும் பங்கு வைக்க நமக்கு மனசில்லையா? உங்களுக்குத் தெரிந்தால் எப்படியாவது சொல்லுங்கள்.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து வருவேன். கத்தியைத் தீட்டுவேன், உருளைக்கு எண்ணெய் விடுவேன், எதிர்ப்பக்கம் நின்று சீராக இழுப்பேன். அக்கா நடக்கிற வரைக்கும் அவர் துணிக்கொடியில் அந்தக் கைக்குட்டை தொங்காது.

என்றும் உங்கள் தம்பி,
இந்த ஒரு தடவை மட்டும் உங்கள் சகலை,
மணியம்
கிள்ளான்